மலிவாய்க் கிடைத்த தையல் மிஷின்

முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். அந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் அப்போது ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. மூன்று வயது நிரம்பியிருக்கவில்லை.

நான் ரஜாய் தைப்பேன். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, அது ஒதுங்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்ட தடிப் போர்வைதான் ரஜாய். மெட்ராஸ் வெயிலுக்கு இதை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். ரங்கூன் கப்பலில் மேல்தளத்தில் படுத்துப் போகிறவர்கள் வாங்குவார்கள். அவர்களுக்கு அதுதான் மெத்தை, அதுதான் போர்வை. மில்லில் கழிக்கிற துண்டுத் துணிகளை வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் மொத்தமாக எடுத்து எனக்குத் தருவார். நான் ஒட்டுப் போட்டு ரஜாயாக்கித் திருப்பித் தருவேன்.

கையால் ஒரு ரஜாய் முடிக்க ஒரு வாரம் ஆகும். தடித்த துணியில் ஊசியைத் தள்ளித் தள்ளி என் வலது கைக் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. சில நாள் காலையில் சோற்றுக் கரண்டியைக் கூடப் பிடிக்க வராது. பாய்க்கும் அவசரம். ஒரு நாள் சொல்லிவிட்டார்.

“உன் கைத்தையல் நல்லாத்தான் கீதும்மா. ஆனா கப்பலு உனக்காவ நிக்குமா? மிஷின்ல தச்சுக் குடுக்கறவங்க வந்துட்டாங்க. நீயும் ஒண்ணு வாங்கிக்கோ. இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.”

வாங்குவது என்று முடிவு செய்தோம். சிறுகச் சிறுகச் சேர்த்தது கொஞ்சம் இருந்தது. ஆனால் புது மிஷின் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. தவணையில் தருகிறோம் என்றார்கள். கப்பல் வராத மாதம் என் வீட்டுக்காரருக்குக் கூலி கிடையாது. தவணை தவறினால் வாசலில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பழைய மிஷின்களைப் பார்த்தேன். என் முந்தானையில் எப்போதும் ஒரு ரஜாய்த் துண்டை முடிந்து வைத்திருப்பேன். விற்கிறவர்கள் மெல்லிய மல் துணியில் தைத்துக் காட்டுவார்கள். அதில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். நான் என் துண்டை எடுத்து, மூலையை மடித்து, நாலு மடிப்பு சேருகிற இடத்தில் தைக்கச் சொல்வேன். ஒன்றில் ஊசி ஒடிந்தது. இன்னொன்றில் வேகமாக, அழகாகத் தைத்தது. ஆனால் அடிப்பக்கம் சங்கிலி மாதிரி ஒற்றை நூல் தையல். நுனியைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று ஒரு வரிசை முழுக்கப் பிரிந்து வந்துவிட்டது. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான், மிஷினுக்கு ஊசியும் எண்ணெயும் விற்கும் ஒருவர் சொன்னார், திருவொற்றியூரில் ஒரு டைலர் வீட்டில் கை மிஷின் ஒன்று விலைக்கு இருக்கிறது, டைலர் காய்ச்சலில் போய்விட்டாராம், சீக்கிரம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று. அவர் சொன்ன விலை, நான் நினைத்ததில் பாதிகூட இல்லை.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. சரி என்று இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஜட்கா வண்டி பிடித்தேன்.

திருவொற்றியூரில் ரயில் கேட்டைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் திரும்பியதும் மணல் பாதை. ஜட்காக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திக்கொண்டார். நான் குழந்தையோடு நடந்தேன். அந்தத் தெருவில் கால் வைத்ததுமே எனக்கு ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. வெயில் ஏறாத நேரம், ஆனால் வாசலில் ஒரு பிள்ளைகூட விளையாடவில்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. நான் தேடி வந்த வீடு மட்டும் திறந்து கிடந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நிலைப்படி ஓரம் காய்ந்த வேப்பிலைச் சருகு கொஞ்சம் பெருக்காமல் கிடந்தது. பார்த்தேன். பார்த்தும், அது என்ன சொல்கிறது என்று என் மண்டையில் ஏறவில்லை. மனசெல்லாம் மிஷினில் இருந்தது.

வீட்டில் இருந்தவர், செத்துப்போன டைலரின் அண்ணன். நாற்பது வயதிருக்கும். நன்றாகத்தான் பேசினார். மிஷினைக் கூடத்தில் ஒரு பெட்டி மேல் வைத்திருந்தார். நான் என் துண்டை எடுத்து மடித்து வைத்து, கைப்பிடியைச் சுற்றினேன். நாலு மடிப்பிலும் பஞ்சிலும் ஊசி முக்காமல் இறங்கியது. மேலும் பார்த்தேன், கீழும் பார்த்தேன்; நூல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருந்தது. இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. ஊசிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடமும் தாராளம். ரஜாயைச் சுருட்டி உள்ளே விட்டுத் தைக்கலாம். இன்னொரு வரிசை, இன்னொரு வரிசை என்று தைத்துக்கொண்டே இருந்தேன்.

தலையைத் தூக்கினால் குழந்தையைக் காணோம்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. உள் அறைக்குத் துணித் திரை போட்டிருந்தது. திரையை விலக்கினேன். அறை இருட்டு. ஒரு மூலையில் மடித்துப் போட்டிருந்த சிவப்பு ரஜாய் மேல் என் பெண் குப்புறப் படுத்து, கன்னத்தை அதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் ரஜாய் தைக்கும்போது அப்படித்தான் வந்து படுப்பாள். எதிர் மூலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலை, முகம் எல்லாம் புடவையால் மூடி, கண் மட்டும் தெரிந்தது. எங்களைப் பார்த்து அவள் இன்னும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“எந் தம்பி பொஞ்சாதி,” என்றார் அந்த ஆள் பின்னாலிருந்து. “புருசன் பூட்டான்ல. யார் மூஞ்சியும் பாக்கறதில்ல. கொளந்தைக்கு அது புடிச்சுப்போச்சு பாரு. அதையும் எடுத்துக்கோம்மா. காசு வாணாம்.”

“அத்தக் குடுக்க வாணாம்,” என்றாள் அவள். அவ்வளவு மெல்லிய குரல்.

அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் ஞாபகமாக வைத்திருப்பதைக் கொடுக்க மனசில்லை போலும் என்று நினைத்தேன். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. ரஜாயைத் தூக்கி என் தோளிலேயே போட்டார். பணத்தை வாங்கிக்கொண்டார். மிஷினைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வந்து ஜட்காவில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பாராமல் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

ஜட்கா நகர்ந்தது. மணலில் சக்கரம் அமுங்கி அமுங்கித்தான் போகும். குழந்தை மடியில் அந்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஜட்காக்காரர், “இன்னாமே, பின்னாடி ஒரு பொம்பள ஓடியாறா, உன்னியா கூப்புடறா?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். அவள்தான். முகத்தைச் சுற்றிய புடவையோடு, ஒரு கையை மேலே ஆட்டிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்துகொண்டிருந்தாள்.

மிஷின் பேரில் ஏதோ வில்லங்கம், பிடுங்கிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு இஷ்டமில்லாமல் விற்றிருப்பானோ, போலீஸ் வருமோ. இல்லை, புத்தி பேதலித்தவளோ. கையில் குழந்தை. பணமும் போய்விட்டது. “நிறுத்தாதே, ஓட்டு,” என்றேன். அவர் சாட்டையைச் சொடுக்கினார். அவள் தடுக்கி விழுந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து மறுபடி ஓடி வந்தாள். தலையிலிருந்த புடவை சரிந்ததும் இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

ரயில் கேட் வந்தது. சாத்தியிருந்தது.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அது கடந்து முடியும் வரைக்கும் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. நான் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மிஷின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கிட்ட வந்துவிட்டாள். வந்து, நான் நினைத்த மாதிரி ஜட்காவைப் பிடிக்கவில்லை. நாலைந்து கஜத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, நான் கிட்ட வரமாட்டேன். நீயும் வராதே. அங்கியே இருந்து காது குடுத்துக் கேளு.”

சொல்லிவிட்டு முகத்திலிருந்த புடவையை விலக்கினாள்.

நெற்றி, கன்னம், மூக்கு, உதடு, ஒரு இடம் பாக்கியில்லாமல் தழும்பு. சில தழும்பில் இன்னும் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மை.

“எம் புருசன் காச்சல்ல பூடல. ஆத்தா வந்து பூட்டாரு. எம் பையனும் பூட்டான். நான் மட்டும் ஆஸ்பத்திரில கெடந்து எழுந்தாந்தேன். உங்கைல கீது பாரு ரஜாய், அது மேலதான் ரெண்டு பேரும் படுத்துகினு இருந்தாங்க. மச்சாண்டாரு கொளுத்தாம வச்சிட்டாரு. உங் கொளந்த அதுல மூஞ்ச வச்சிகினு கெடந்திச்சு.”

நான் ரஜாயை ஜட்காவிலிருந்து வீசி எறிந்தேன். எப்படி எறிந்தேன் என்று தெரியாது. குழந்தை அது வேண்டுமென்று அழ ஆரம்பித்தாள்.

ஜட்காக்காரர் குதித்து இறங்கிவிட்டார். “எறங்குமே. மொதல்ல எறங்கு. எனுக்கு நாலு புள்ளிங்க கீது,” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மிஷினைத் தொடக்கூட அவருக்குப் பயம். நானே அதை இழுத்து இறக்கினேன். கூட்ஸ் வண்டி போனது, கேட் திறந்தது, வண்டிக் கூலியைக் கூடக் கேட்காமல் அவர் போய்விட்டார். ரயில் பாதை ஓரம் நானும், அழுகிற குழந்தையும், மிஷினும், தள்ளி நின்ற அவளும் மட்டும்.

“கொளந்தைக்கு அம்மை குத்திகீதா?” என்றாள்.

குத்தவில்லை. எங்கள் சந்துக்கு அம்மை குத்துகிறவர் வந்தபோது குழந்தைக்கு மாந்தம். அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டார். அப்புறம் யாரும் நினைக்கவில்லை.

“அப்போ இன்னிக்கே இட்டுகினு போ. நாளைக்குன்னு தள்ளாதே. தொட்ட அன்னிக்கே, இல்லாட்டி மறுநாளே குத்திட்டா தப்பிக்கலாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அப்பால குத்தினா பிரயோசனமில்லியாம். எனுக்கு அத்த யாரும் முன்ன சொல்லல அக்கா. சொல்லச்சே ரெண்டு பேரும் பூட்டாங்க.”

அவள் அழவில்லை. அவசரமாகச் சொன்னாள், அடுப்பில் பால் பொங்குகிறது என்கிற மாதிரி.

நான் மிஷினைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள். “அத்த வுட்டுட்டுப் போ. எங்கியும் போவாது. ரஜாய நான் கொளுத்திடறேன்.”

என் ஆயுசில் சேர்த்த எல்லாம் அந்த இரும்பில் இருந்தது. அவளை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பலாமா என்று யோசிக்க நேரமில்லை, அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திருவொற்றியூர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், அம்மை குத்துகிறவர் காலடிப்பேட்டைப் பக்கம் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார். மணல் சுட்டது. செருப்பில்லை. குழந்தை தோளில் தூங்கிவிட்டாள். அந்தக் கனத்த தூக்கமே எனக்குப் பயமாக இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் வந்த சூடா, வேறு சூடா என்று எப்படித் தெரியும்?

காலடிப்பேட்டையில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டே போன திசையில் போனேன். அந்தக் காலத்தில் அப்படித்தான். அவர் தலை தெரிந்தாலே பிள்ளைகளைப் புழக்கடை வழியாக அப்புறப்படுத்திவிடுவார்கள். காக்கிக் கோட்டுப் போட்ட மனிதர், பின்னால் தகரப்பெட்டியோடு ஒரு பியூன். ஒரு பொம்பளை தலைவிரி கோலமாகத் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும், சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்து அவர் இரண்டடி பின்வாங்கினார்.

“ஐயா, என் கொளந்தைக்குக் குத்துங்க,” என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். எப்போது தொட்டது என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார். இன்றைக்குக் காலையில்தான் என்றதும், “யார் சொல்லி வந்தே?” என்றார். சொன்னேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி, அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் குழந்தையின் கையைப் பிடித்துக் குத்தினார். அது வீல் என்று கத்தியது. எனக்கும் குத்தினார்.

“பிழைக்கும்னு நான் எழுதித் தர முடியாதும்மா. ஆனா நேரத்துக்கு வந்துட்டே. வீட்டை விட்டு வெளியே விடாதே. ஜுரம் வந்தா மறைக்காதே. நான் வந்து பார்க்கிறேன்,” என்றார்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “யாருகிட்டயும் சொல்லாதே. சொன்னா வூட்டுச் சொந்தக்காரன் காலி பண்ணச் சொல்லுவான். மேஸ்திரி வேலைக்கு வராதேம்பான்,” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒண்ட வேறு இடமும் எங்களுக்கு இல்லை.

பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள். நாள் முழுக்க என் வீட்டில்தான் கிடப்பார்கள். அன்று சாயங்காலமும் கடைசிப் பயல் வந்து கதவைத் தட்டினான். உள்ளிருந்து என் பெண் அவனைக் கூப்பிட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்தவள் கண்ணுக்குள் வந்தாள். அவளும் பேசாமல் இருந்திருக்கலாமே. இருந்திருந்தால் புருஷனின் அண்ணனோடு, அந்த மச்சாண்டாரோடு, அவளுக்குச் சண்டை வந்திருக்காது. எங்கள் வீட்டிலும் அந்த ரஜாய் இந்நேரம் படுக்கையில் விரிந்து கிடந்திருக்கும்.

பக்கத்து வீட்டம்மாவைத் தெருவிலிருந்தே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் மூன்று பிள்ளைகளையும் இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கே அவர்களைக் காசிமேட்டில் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் போனால் எல்லாரும் விலகினார்கள், அப்புறம் போவதையே நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். யார் வைக்கிறார்கள் என்று நான் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மாதான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள்.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது? பொழுது விடிந்ததும் குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, நெற்றி, உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி சிவந்திருந்தால் எனக்குக் கை கால் ஓடாது. என் வீட்டுக்காரர் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, “இன்னா?” என்று மட்டும் கேட்பார். “ஒண்ணுமில்லே” என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் பல் விளக்கப் போவார்.

குத்தின இடம் கொப்பளித்துச் சீழ் வைத்தது. ஜுரம் கண்டது. நான் கதறிவிட்டேன். அம்மை குத்துகிறவர் சொன்ன மாதிரியே வந்தார். கையைப் பார்த்து, இது குத்தினதால் வந்த ஜுரம், நன்றாக எழும்பியிருக்கிறது, நல்லதுதான் என்றார். ஜுரம் விட்டது. நாங்கள் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, மறுபடி உடம்பு அனலாகச் சுட்டது. இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை பார்க்கிறேன், புருவத்துக்கு மேல் ஒரு அம்மை முத்து. நெற்றி ஓரம் ஒன்று. கையில் இரண்டு.

அந்த ஒரு பகலைப் போல இன்னொன்றை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முத்தாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தது எங்கே வரும், கண்ணுக்குள் வருமா, தொண்டைக்குள் வருமா. அந்தப் பெண்ணின் முகம் என் பெண்ணின் முகத்தில் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. குழந்தை தண்ணீர் கேட்டால் நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் அதற்கு மேல் வரவில்லை. அந்த நாலைந்தோடு நின்றுவிட்டது. அம்மை குத்துகிறவர் வந்து பார்த்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டி, “குத்தியிருக்காட்டி…” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். பொருக்கு உதிர்கிற வரை கதவைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை தெளிந்து, தெருவில் இறங்கி விளையாட ஆரம்பித்த பிறகு, நாங்கள் மூவரும் திருவொற்றியூருக்குப் போனோம். மிஷின் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவளைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் மச்சாண்டார் கதவைப் பாதி திறந்து, “அவ இங்க இல்ல. வித்த பொருளுக்கு இப்ப இன்னா பேச்சு?” என்று சாத்திக்கொண்டார். எங்கே தேடுவது என்று தெரியாமல் திரும்பி வரும்போது, ரயில் கேட்காரர் எங்களைக் கூப்பிட்டார். அவர் முகத்திலும் பழைய அம்மைத் தழும்பு.

“மிஷின்காரம்மாவா? அந்தப் பொண்ண அன்னிக்கே வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்க. எங் குடிசைக்குப் பின்னாலதான் கீது. எனுக்குத்தான் சின்ன வயசுலயே வந்து பூட்சே, எனுக்கு இன்னா பயம்.”

குடிசைக்குப் பின்னால், வெயிலில், ஒரு மண்ணெண்ணெய் டின் மேல் என் மிஷின் உட்கார்ந்திருந்தது. அவள் அதை வெந்நீராலும் மண்ணெண்ணெயாலும் துடைத்துத் துடைத்து நாள் தவறாமல் வெயிலில் வைத்திருக்கிறாள். மரப்பலகை வெளுத்துப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் பழைய மாதிரியே தள்ளி எழுந்து நின்றாள். முகத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்திருந்தது.

“கொளந்த?” என்றாள்.

என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அவள் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, அன்றைக்கு அழாததற்கும் சேர்த்து அழுதாள். நான் போய் அவளைத் தொட்டேன். முதலில் கையை உதறினாள். விடவில்லை.

எங்களோடு ராயபுரத்துக்கு வந்துவிடு, சேர்ந்து தைப்போம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. அம்மை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லையாம், எல்லாருக்கும் பயம். “எனுக்குத்தான் இனிமே வராதே அக்கா. அங்க தாயில்லாத புள்ளிங்க கெடக்குது,” என்றாள். அடுத்த வாரமே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சில வருஷம் தீபாவளிக்குத் தீபாவளி அந்த மிஷினில் ஒரு ரஜாய் தைத்து எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டில் கொடுத்துவிட்டு வருவேன். பிறகு அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அதோடு தொடர்பு அறுந்துபோனது.

என் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கெட்ட செய்தியோடு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு இன்றும் ‘நிறுத்தாதே, ஓட்டு’ என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் அவர்களை நிற்க வைத்து முழுவதையும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் பறிகொடுத்த பிறகும், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக அந்த வெயிலில் ஓடி வர ஒருத்திக்கு மனசு இருந்தது என்பதை நினைத்தால், கேட்பதற்குப் பயப்படுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.